ஒட்டியிருந்த பக்கங்கள்

அஞ்செலுடைய அப்பா மிஷேல் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். 1953இல் சண்டைக்காகச் சைகோனுக்குக் கப்பலேறினார். ஒரு வருடம் கடிதம் வந்தது. பிறகு, ஆளைக் காணவில்லை என்று ஒரு தாள் வந்தது. அந்தத் தாளை அவள் நம்பவில்லை.

அடுத்த வீடு எங்களுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் அவர்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பேன். அதிகம் பேசமாட்டேன் என்பதால் என்னை வைத்துக்கொண்டே எல்லாம் பேசுவார்கள்.

பிரெஞ்சு ஆட்சி முறைப்படி விலகியதும், 1962 கடைசியில் ஊரெங்கும் ஒரே பேச்சு. பிரெஞ்சுக் குடியாக இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு பிரெஞ்சு நாட்டில் மர்செய்யில் இருக்கும் தம்பியிடம் போய்விட அவள் அம்மா ஜோசஃபினுக்கு ஆசை. பதினேழு வயது அஞ்செல் அசையவில்லை.

"உங்க பப்பா செவுத்தத் தேடியா வருவாரு? நம்மளத் தேடித்தான வருவாரு" என்பார் ஜோசஃபின்.

"வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிட்டாருன்னா?"

அதோடு இருவரும் நிறுத்திக்கொள்வார்கள்.

ஒரு மத்தியானம் ஜோசஃபின் பழைய பெட்டியைக் காலி செய்தபோது அந்தப் புத்தகம் வெளியே வந்தது. சிவப்பு அட்டை, பொன்னெழுத்து. எட்டு வயதில், கையெழுத்து அழகுக்காக அஞ்செல் பள்ளியில் வாங்கிய பரிசு. அப்போது அவளுக்குப் பிரெஞ்சு சரியாக வராது. மிஷேல்தான் வாசித்துத் தமிழில் சொல்வார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். கலங்கரை விளக்கத்தடியில் மாலுமி அப்பாவுக்காகத் தினமும் காத்திருக்கும் ரோஸ் என்ற பெண்ணின் கதை. கடைசியில் கப்பல் வரும். அப்பா ஒரு கிளியோடு இறங்குவார்.

"நான் வந்து மறுபடி படிக்கிறேன். அதுவரைக்கும் பெட்டியில இருக்கட்டும்" என்று மிஷேல் சொல்லிப் போனார். ஒன்பது வருடம் அவள் அதைத் தொடவில்லை.

அன்று எடுத்துக்கொண்டு என் தையல் மிஷின் அருகே வந்து உட்கார்ந்தாள். வாசித்து வாசித்துச் சிரித்தாள். "இவ என்னா மக்கு, தனக்கொடி. மழ கொட்டுது, கொட இல்லாம நிக்கிறா."

கடைசி இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கெடக்கட்டும், விடு" என்றேன்.

"தபால் தலைய ஆவில காட்டி எடுப்பியே, இதயும் எடு. கிளி வர்ற எடம்."

கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். வராது, கிழிந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். தாள்கள் மெல்லப் பிரிந்தன.

அவள் சத்தமில்லாமல் வாசித்தாள். திருப்பி ஒரு முறை வாசித்தாள்.

"கிளி எங்கயும் இல்லடி. கப்பலும் வரல. அவ பெரியவளாயி வேற ஊருக்குப் போயிடறா."

தாளின் ஓரத்தைத் தடவினாள். "அச்சடிச்ச எடத்துலயே ஒட்டிக்கிச்சோ?"

"உங்க பப்பாதான். கெளம்பறதுக்கு மொத நாளு, எங்க வீட்டுல பச வாங்கி ஒட்டினாரு. நான் பாத்தேன்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

நான் கெட்டிலை இறக்கி வைத்தேன். "வராமப் போயிடுவோமோன்னு அப்பவே அவருக்கு பயம் இருந்திருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம், "எழுதிக் குடுத்துடு மம்மா" என்றாள். ஜோசஃபின்தான் அழுதார்.

புறப்பட்ட அன்று புத்தகத்தைத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டாள். என் கையில் மாமாவின் மர்செய் விலாசத்தைக் கொடுத்தாள்.

"யாராச்சும் வந்து கேட்டா குடு."

அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். விலாசம் என் நூல் டப்பாவில் இருக்கிறது. தெருவில் புது ஆள் யாராவது கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தால், நான் மிஷினை நிறுத்திவிடுகிறேன்.