சத்தத்தில் நித்திரை கொண்டவர்

சாவகச்சேரியில் பிறஷர் கிளினிக்குக்குக் காத்திருந்தபோதுதான் அவரைக் கண்டேன். கறுத்து முறுகிய உடம்பு, உப்புக்காற்றில் வெளிறிய புருவம். கரண்ட் நின்றுபோய் யன்னலுக்கு வெளியே ஜெனரேற்றர் உறுமிக்கொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் தலை வெடிக்கும்போல இருக்க, அவர் மட்டும் மர வாங்கில் சாய்ந்து இருந்தபடியே நல்ல நித்திரை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால். பஸ்களின் ஹோர்ணும் லொத்தர் சீட்டு விற்கும் வானின் ஒலிபெருக்கியும் என் நித்திரையைத் தின்று வருடக்கணக்காகிறது. டொக்டர் குளிசையைக் கூட்டிக்கொண்டே போகிறார். இந்த மனிசனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வரம்?

கரண்ட் வந்து ஜெனரேற்றர் நின்றது. எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சுவிட்டோம். அவரோ திடுக்கிட்டு விழித்து, வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணை, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லைத் தம்பி. கடலிலை போட் எஞ்சின் ஓடுமட்டும்தான் நிம்மதியாப் படுக்கலாம். நிண்டால் ஆபத்து. அந்தப் பழக்கம் இன்னும் போகேல்லை. இப்ப மகளின்ரை வீட்டிலை இருக்கிறன். வயலுக்கு நடுவிலை, ஒரு சத்தமும் இல்லை. கண்ணை மூடேலாமல் கிடக்கு. அதாலை பிறஷரும் ஏறிப்போச்சு."

வயலுக்கு நடுவில் வீடு! என் வயிறு இன்னும் எரிந்தது.

"உங்கடை வீடு எங்கை?" என்று கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவு நேரமும் நான் அவரைப் பார்த்த அதே பார்வை.

"குடுத்து வைச்சனீங்கள்," என்றார்.