கழிக்கப்படாத கப்பிகள்

பவளத்தின் கணவர் விக்னராஜாவுக்கு, குடிபெயர்ந்து வந்த நாட்டில், மோர்வெல் பக்கத்து மின்நிலையத்தில் வேலை. காரோடு போனால் வெள்ளிக்கிழமைதான் நோபல் பார்க் வீட்டுக்குத் திரும்புவார். அந்த நாட்களுக்கெனப் பவளம் ஒரு சோடி கப்பி மீன் வாங்கினாள். பிறகு ஆசை வளர்ந்தது: புள்ளி விழாத, விசிறிபோல் விரியும் சிவப்பு வாலுள்ள வம்சத்தை வளர்த்தெடுக்க வேண்டும்.

அதற்குப் பெண்குஞ்சுகளை முதிருமுன் பிரிக்க வேண்டும். நல்ல ஆணோடு மட்டும் சேர்க்க வேண்டும். வால் பிசகியவற்றைக் கொன்று கழிக்க வேண்டும். முதல் இரண்டும் பவளத்துக்கு வந்தன. மூன்றாவது வரவில்லை. முட்டைகூட வாங்காத சைவ வீடு. வளர்ப்புமீன் கடைக்காரர் பிசகியவற்றைப் பெரிய மீன்களுக்கு இரையாகப் போடுவதைக் கண்டபின் அந்தக் கடைக்கும் போகவில்லை. கப்பியோ மாதாமாதம் குட்டி போடும். குசினி ஜன்னல், அலுமாரி, மேசை எங்கும் போத்தல்கள். நாள் முழுவதும் தண்ணீர் மாற்றினாள்.

1976 தை மாதம் ஊரிலிருந்து, கோண்டாவிலிலிருந்து, தந்தி வந்தது. பவளத்தின் தாய்க்கு வருத்தம் கடுமை. விக்னராஜா விமான ரிக்கெற் பதிந்துவிட்டு, அவள் போனால் தண்ணீர் மாற்ற ஆளில்லையென்று மீன்களைக் கடையில் கொடுக்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள்.

"மீனுக்காக அம்மாவைப் பார்க்காமல் விடப் போறியே?"

"குடுத்தால் கொல்லுவினம். கொல்லக் குடுத்துப்போட்டு என்னெண்டு அவவின்ர காலைத் தொடுறது?"

"கொல்லுறது கடைக்காரன்."

"குடுக்கிறது நானல்லோ."

"உன்ர பாஸ்போட்டை மீனிட்டைக் குடுத்து வைச்சிருக்கிறாய்," என்றார் அவர்.

சனிக்கிழமை மீன்களை வாளிகளில் ஊற்றிக் காரில் ஏற்றினார். அவளும் ஏறினாள். கடை வாசலில் மடியில் வாளியோடு இறங்காமல் இருந்தாள். கடைக்காரர் சிரித்தபடி வந்து கதவைத் திறந்தார்.

"திருப்புங்கோ," என்றாள் கணவரிடம்.

விமானம் அவளில்லாமல் போனது.

அந்த நாட்டில் மாசி கோடைகாலம்; கடும் வெக்கை. போத்தல் தண்ணீர் முப்பத்திநாலு பாகையைத் தாண்டியது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. ஆண், பெண் பாராமல் எல்லாவற்றையும் குளிர்தண்ணீர் நிறைத்த குளியல் தொட்டியில் ஊற்றினாள். இன்னும் பெருகும் என்று தெரியும். வேறு வழியில்லை.

மறுநாள் இரண்டாவது தந்தி வந்தது. தாய் போய்விட்டாள்.

செத்த செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும். துவாயோடு குளியலறைக்குப் போனவள் மீன்கள் நிறைந்த தொட்டியருகே நின்றாள். பிறகு பின்வளவுக்குப் போய்த் தோட்டக் குழாயைத் திறந்து, அதைத் தலைக்கு மேல் பிடித்தபடி சேலையோடு புல்லில் இருந்தாள். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் சுடுதண்ணீர் வந்தது. அது குளிர்ந்து வரும்வரை அவள் தலையை விலக்கவில்லை.