அப்பா மறந்துவிட்டுப் போன கால்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ரகரம் எங்கே, பெரிய றகரம் எங்கே என்பது இன்றைக்கும் எனக்குத் தீராத வழக்கு. பிழையிருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம்தான். ஆனால் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். காகிதம் முகத்தைப் பார்ப்பதில்லை.

இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு இருந்தது. ஆறு தென்னை நின்ற எட்டு சென்ட் மண். அப்பா பனையேறியாக இருந்து பட்டாளத்துக்குப் போனவர். பர்மா சண்டையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கு ஈடாக சர்க்கார் மாதம் பதினெட்டு ரூபாய் பென்ஷன் கொடுத்தது. பனை ஏறினால்கூட இவ்வளவு வராது என்று ஊரில் பொறாமைப்பட்டவர்களும் உண்டு.

பட்டாளத்தில் கொடுத்த பொய்க்கால் இரண்டு மழைக்காலத்துக்குத் தாங்கவில்லை. அப்பா ஒரு பூவரசங்கட்டையை எடுத்து, மூன்று மாதம் உட்கார்ந்து செதுக்கி, தாமே ஒரு கால் செய்துகொண்டார். மேலே தோல் வார், உள்ளே தேங்காய்த் தும்பு திணித்துத் தைத்த துணி, அடியில் சைக்கிள் டயர்த் துண்டு. அதைக் கட்டி வேட்டியை இறக்கிவிட்டால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு எந்தக் கால் மரம் என்று தெரியாது. மற்றப் பிள்ளைகளின் அப்பாமாருக்கெல்லாம் பிறக்கும்போது கிடைத்த கால். என் அப்பா தம் காலைத் தாமே உண்டாக்கியவர். வகுப்பில் இதைச் சொல்லி நான் பெருமையடித்திருக்கிறேன். கூச்சம் எனக்குப் பிற்பாடு வந்ததுதான்.

அம்மாவுக்கு ஒரு வருஷம் டைபாய்டு வந்து இரண்டு மாதம் கிடந்தாள். ஊசிக்கும் மருந்துக்கும் பணம் கொடுத்தவர் பலசரக்குக் கடைக்காரர். நான் அவரைக் கடைக்கார மாமா என்பேன். வேறு யாரும் கொடுக்காதபோது கொடுத்தார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் வீட்டில் அடகு வைக்கப் பொன் இல்லை. பென்ஷன் புத்தகம் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் பலர் அதைத்தான் பணயம் வைப்பார்கள். புத்தகம் கடைப் பெட்டிக்குள் இருக்கும். பென்ஷன் நாளில் மாமா அதை எடுத்துக்கொண்டு அப்பாவோடு நாகர்கோவிலுக்குப் போவார். அப்பா கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கி அப்படியே மாமாவிடம் நீட்டுவார். வட்டியை எடுத்துக்கொண்டு மிச்சம் நாலு ரூபாயைத் திருப்பித் தருவார் மாமா. நாலு ரூபாயில் அக்காவையும் சேர்த்து நாலு வயிறு ஒரு மாதம் எப்படி ஓடும்? அதனால் அரிசியும் மண்ணெண்ணெயும் அதே கடையில் கடன். கடன் குறைந்ததாக ஒரு மாதம்கூட எனக்கு நினைவில்லை.

பென்ஷன் பணத்தைக் கோடதி நீதிபதியே ஜப்தி செய்யமுடியாது என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டேன். அப்பாவுக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ. தெரிந்திருந்தாலும் மாமாவின் கடை முன்னால் போய்ச் சட்டம் பேசியிருக்கமாட்டார்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். நான் மூன்றாம் வகுப்பு. நாகர்கோவில் பெரியாஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து ஊனத்தை மறுபடி பார்க்கப்போகிறார்கள், வந்து காட்டவேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர்கள் எழுதுவதைப் பொறுத்துப் பென்ஷன் அப்படியே இருக்கும், அல்லது குறையும்.

"எதுக்கு மறுபடி பாக்கணும்? அறுந்த காலு முளைச்சிருக்குமோ?" என்றாள் அம்மா.

கடிதத்தைப் பார்த்து அப்பாவைவிட மாமாதான் அதிகம் கலங்கினார். அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். எனக்குக் காலணா கொடுத்து மிட்டாய் வாங்க அனுப்பிவிட்டார். நான் இல்லாதபோது அவர் சொன்னதை, அப்பா இறந்து வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

"ஓய், ஒரு ஆழ்ச்சைக்கு முகம் மழிக்காண்டாம். எண்ணெய் தேய்க்காண்டாம். அந்தக் கட்டைக்காலை வீட்டுல வச்சிட்டு, கம்பு ஊணிக்கிட்டு வாரும். கேட்டா, பட்டாளத்துக் காலு ஒடைஞ்சு போச்சு, வேற இல்லேன்னு சொல்லும். வண்டி நான் பிடிக்கேன்."

"பொய் சொல்லணுமா மொதலாளி?"

"காலு போனது பொய்யாவே? பென்ஷன் கொறைஞ்சா வட்டிக்கே தேறாது. பொறவு இந்த எட்டு சென்டை நான் கேக்காம இருக்க முடியாது. எனக்கும் பெண்மக்க இருக்கு, பாத்துக்கிடும்."

அப்பா சம்மதித்தார். ஒரு வாரமாக அவர் முகத்தில் முள் வளர்வதைப் பார்த்து, காய்ச்சலாக்கும் என்று நான் நினைத்தேன்.

அந்த நாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் மாமா பிடித்த மாட்டுவண்டி வந்திருக்கிறது. நான் சிலேட்டை மறந்து போயிருந்தேன். வாத்தியார் உள்ளங்கையில் ஒன்று போட்டு, ஓடிப்போய் எடுத்துவா என்று அனுப்பினார். வீட்டில் ஆள் இல்லை. அம்மா தும்புக்காகத் தேங்காய்க் கதம்பை அடிக்கப் போயிருந்தாள், அக்காவும் கூடப் போயிருந்தாள். சிலேட்டைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் கையைவிட்டால் ஒரு சாக்கு தட்டுப்பட்டது. சாக்குக்குள் அப்பாவின் கால்.

சிலேட்டை மறந்தவனுக்கே பிரம்படி. காலையே மறந்துவிட்டுப் போனால் அந்த மூன்று டாக்டர்கள் அப்பாவை என்ன செய்வார்கள்? சிலேட்டைத் தேடுவதை விட்டுவிட்டுக் காலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் சாலையில் ஓடினேன்.

பூவரசுக் கட்டை கனமில்லை என்பார்கள். எட்டு வயதுத் தோளுக்கு அது பெரிய கனம். அரைக் கல் தூரம் ஓடி, நின்று, தோள் மாற்றி ஓடினேன். பின்னால் வந்த தும்பு வண்டிக்காரர் ஒருவர் மாட்டை இழுத்து நிறுத்தினார்.

"எலேய், யாருக்க காலுலே அது?"

"அப்பாக்க காலு. மறந்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாவ."

"காலை வச்சிட்டு எப்பிடிலே போனாரு?"

"வண்டியில."

அவர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. "ஏறு மக்கா. ஒன்ன மாதிரி ஒரு பிள்ளை எனக்கு இல்லாமப் போச்சே" என்று தும்புப் பொதிமேல் தூக்கி வைத்தார். வழியெல்லாம் நான் காலை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சேவகன் மறித்தான். காலைப் பார்த்ததும் வழி விட்டான். உள்ளே நீளமான அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அப்பா ஸ்டூலில், மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே மழுங்கிய காலை நீட்டியபடி, கம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கதவோரம் மாமா. செயற்கைக் கால் இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அப்பா சற்றுமுன்தான் சொல்லி முடித்திருக்கிறார்.

"அப்பா, காலை மறந்துட்டு வந்துட்டிய!" என்றேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் இருந்த பெரிய டாக்டர் எழுந்து வந்து காலை என்னிடமிருந்து வாங்கி, வாரையும் டயரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்தது யார் என்று கேட்டார். "எங்கப்பாதான்" என்று நான் முந்திக்கொண்டேன். நல்ல வேலை என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு, கட்டிக்கொண்டு அந்தச் சுவர்வரை நடந்து திரும்பிவரும்படி அப்பாவிடம் சொன்னார்.

அப்பா வாரைக் கட்டினார். இவ்வளவு நேரம் எடுத்து அவர் ஒருபோதும் கட்டியதில்லை. மாமா கதவோரத்தில் நின்று கையால் என்னவோ ஜாடை காட்டினார். அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஓடிவந்த வியர்வையோடு, வாயெல்லாம் பல்லாக நின்றிருப்பேன்.

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி, பட்டாளத்தில் நடப்பதுபோல நடந்தார். சுவரைத் தொட்டதும் ஒரே சுழற்சியில் திரும்பினார். ஒரு தடவைகூடச் சாயவில்லை. அவ்வளவு நன்றாக அவர் நடந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மூன்று டாக்டர்களும் குனிந்து எழுதினார்கள்.

திரும்பும் வழியில் மாமா விரல்விட்டு வட்டிக் கணக்கு எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு, "நல்லா நடந்தேர் ஓய். திரும்பவும் பட்டாளத்துல சேரப்போறேரோ?" என்றார். அவர் அப்பாவை மெச்சுவதாக நினைத்து நான் சிரித்தேன்.

அப்பா சாலையைப் பார்த்தபடி, "பய பாத்துக்கிட்டு நின்னான் மொதலாளி" என்றார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. இனிமேல் மாதம் பதினொரு ரூபாய். வட்டிக்கும் போதாது. மாமா சண்டைக்கு வரவில்லை. பத்திரம் எழுதுகிறவரோடு வந்தார். அப்பா கையெழுத்துப் போட்டார். தென்னை ஆறும் மண் எட்டு சென்டும் மாமாவுக்குப் போயின. அப்படியும் கடன் முழுதும் அடையவில்லை. அம்மாவின் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ஓலை இறக்கியிருந்த சாய்ப்பில் போய் ஒண்டினோம். என் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் ஓடி, அத்தோடு நின்றது.

சாய்ப்புக்குப் போன அன்று எனக்கு ஒரே யோசனை. பள்ளிக்கூடத்தில் நன்றாகச் செய்தால் மார்க் கூடும், மோசமாகச் செய்தால் குறையும். சர்க்கார் ரூபாயைக் குறைத்துவிட்டது என்றால் அப்பா எங்கோ பிசகியிருக்கிறார். எனக்கு நல்லதாகப் பட்ட நடை டாக்டர்களுக்குப் போதவில்லை போலிருக்கிறது. அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்:

"விசாரப்படாதிய அப்பா. அடுத்த தடவை இதைவிட நல்லா நடக்கணும். நான் சொல்லித் தாரேன்."

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பின் முன்னால் இருந்த அம்மா சட்டென்று எழுந்து வெளியே போனாள்.

"செரி மக்கா" என்றார் அப்பா.

மறுநாள் காலையிலிருந்து, பள்ளிக்கூடம் போகுமுன், அம்மாவின் அண்ணன் வீட்டு முற்றத்தில் அப்பா கிணற்றிலிருந்து வேலிவரை பத்து நடை நடப்பார். நான் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, முதுகு வளையுது அப்பா, கை வீசுங்க அப்பா என்று திருத்துவேன். அவரும் திருத்திக்கொள்வார். ஒருநாள் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டேன்.

1989 ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தது.