கொழுந்துக்காரனின் மூன்றாவது ஆட்டம்

மாத்தளை நகரத்தில் கராம்பும் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கும் மக்கீனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. நாற்காலியில் அமர்ந்தால் முழங்கால் ஆடும். முழங்கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் தராசு ஆடும். அந்த ஆட்டத்தில் மிளகு எடை குறைகிறதென்று ஒருவர் பள்ளிவாசல் வரைக்கும் முறைப்பாட்டோடு போனாராம். அங்கேயும் மக்கீன் ஆடிக்கொண்டே நின்றதைப் பார்த்து, இது திருட்டல்ல, பிறவிக் குணம் என்று அவரே வழக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டாராம்.

அப்படிப்பட்டவனுக்கு இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் 'ரூம் போயாக' இருக்கும் சிநேகிதன் லெட்சுமணன்தான்.

"மக்கீன், உக்காந்திருக்கியா நிக்கிறியா?"

"ஏன்டா?"

"நின்னா உக்காந்துக்க. கொழுந்துக்காரன் வந்துட்டான்டா! மூணாவது! சமாதானம் வந்ததுல வெள்ளக்காரங்க குடும்பத்தோட வர்றாங்கல்ல, அவுங்க புள்ளைங்க விளையாடன்னு கொழும்புல இருந்து பழைய மெசின் ஒன்னு இறக்கியிருக்காங்க. இன்னும் பெட்டியில இருக்கு. பலகை இடுக்கால பாத்தேன், அதே தொப்பி, அதே மூக்கு. நாளைக்குப் பிரிக்கிறாங்க. நாளன்னைக்கு நீ வந்து முடிச்சுக் காட்டுறேன்னு கிச்சன்ல சொல்லிட்டேன்!"

மக்கீனின் முழங்கால் நின்றுவிட்டது. இருதயம் ஆடத் தொடங்கியது.

எண்பதுகளில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அங்கே ஒரு மூலையில் நின்ற பெட்டிக்குள் ஒரு குட்டி மனிதன் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு தட்டுத் தட்டாக மேலே ஏறுவான். பெட்டியில் எழுதியிருந்தது ஜப்பான் எழுத்து. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த லெட்சுமணன், கொழுந்து பறிப்பவர்கள் கட்டுவது போன்ற அந்தக் கூடையைப் பார்த்த மாத்திரத்தில் கொழுந்துக்காரன் என்று பேர் வைத்தான். அதோடு ஊர் முழுக்க அதே பேர். முதல் ஆட்டத்தில் ஏணி. அடுத்த வருடம் வந்த இரண்டாவதில் கயிறும் மேகமும். இரண்டிலும் உச்சிக்குப் போனால் திரை ஒருமுறை மின்னும், ஆள் மறுபடி அடியில் நிற்பான், கூடை முதுகிலேயே இருக்கும். மூன்றாவது ஒன்று உண்டு என்று கடைக்காரர் சொன்னார். அது வருவதற்குள் எண்பத்தொன்பது வந்துவிட்டது. கடையைப் பூட்டச் சொல்லிக் கிளர்ச்சிக்காரர்களின் துண்டுக் கடிதம் வந்தது. பூட்டாத கடைகளுக்கு என்ன நடந்ததென்று எல்லாருக்கும் தெரியும். அவர் பூட்டினார்.

ஊரடங்கு நாட்களில் தெருவில் தலை காட்ட முடியாது. மக்கீன் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லெட்சுமணன் வீடு. அவன் அப்பா மக்கீனின் வாப்பாவிடம் சாக்குத் தூக்கியவர். அந்த மாதம் லெட்சுமணனின் அண்ணன் அழகையாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போயிருந்தார்கள்; அதற்குப் பிறகு ஆள் எங்கேயென்று தெரியாது. லெட்சுமணன் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பான். கண்ணை டாக்டரிடம் காட்டக் கொழும்புக்குப் போய் வந்திருந்த மக்கீன், சுவருக்கு மேலே தலையை நீட்டி, வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"டேய் லெச்சு, மூணாவதக் கொழும்புல பாத்தேன்டா."

லெட்சுமணன் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், பொய்க்கு உயிர் வந்துவிட்டது. தினம் பின்னேரம் ஒரு தட்டு. மூன்றாவதில் கொழுந்துக்காரன் ஏறுவதில்லை, இறங்குகிறான். ஒரு தட்டில் மழை, ஒரு தட்டில் கால் கடிக்கும் அட்டைகள், இன்னொன்றில் பீடி குடிக்கும் நண்டு. ஊரடங்கு எடுக்கப்படும் நாளில் அடிவாரத்தில் ஒரு வீட்டைக் கட்டி, கொழுந்துக்காரனைக் கூடையை இறக்கி வைக்கச் செய்து, கதவையும் திறந்துவிட்டான் மக்கீன். அன்றைக்கு லெட்சுமணன் வீட்டுக்குள் போய்ச் சோறு கேட்டானாம்.

அந்தப் பொய்தான் இப்போது சீகிரியாவில் பலகைப் பெட்டிக்குள் வந்து இறங்கியிருந்தது.

"வயித்துவலின்னு சொல்லிடுங்க," என்றாள் மக்கீனின் மனைவி றஹீமா. அவளுக்கு எல்லாம் தெரியும்.

"போகாட்டி அவன் தனியா ஆடிப் பாப்பான்."

"அப்ப போய் உண்மையச் சொல்லிடுங்க. மவுத்தாகிற நோயா இது?"

"அவன் அந்த வீட்ட நம்பிட்டானே றஹீமா. பொய்யின்னு தெரிஞ்சா எனக்கு வெக்கம், அது போகட்டும். அந்த நாள் அவனுக்கு என்னவா மாறும்? நான் அவன வெச்சுக் கூத்துக் காட்டுன மாதிரி ஆகிடாதா?"

"யா அல்லா, ஒரு பொய்ய பதினாலு வருசமா வளத்தா கெடாவாயிடும். இப்ப முட்டுது," என்று சொல்லி, போகிற வழிக்கும் லெட்சுமணனுக்குமாக ரொட்டி சுற்றிக் கொடுத்தாள்.

தம்புள்ளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து சீகிரியாவுக்கு இன்னொன்று. சன்னல் பக்கம் மூன்று ஆசனம் மாறி உட்கார்ந்தான் மக்கீன். பக்கத்தில் இருந்த ஆள் தன் முட்டைப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஹோட்டலில் மத்தியானம் ஒரு இடைவெளி உண்டு. காலையில் கணக்குத் தீர்த்தவர்கள் போயிருப்பார்கள், புதியவர்கள் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள், மற்றவர்கள் மலையில் வெந்துகொண்டிருப்பார்கள். அந்த வேளையில் வேலையாட்கள் எதைத் தொட்டாலும் மனேஜர் காணாத மாதிரி இருப்பார். லெட்சுமணன் மக்கீனைப் பின்வாசலால் கூட்டிப் போனான். விளையாட்டு அறையில் மெசினைச் சுற்றிக் கிச்சன்காரர்கள் வெள்ளைத் தொப்பியோடு நின்றார்கள். மெசினின் நெற்றியில், விளக்கு எரியும் கண்ணாடி மீது, முகம் துடைக்கும் ஹோட்டல் துவாய் ஒன்று போர்த்தியிருந்தது.

"இவர்தான் அது," என்றான் லெட்சுமணன் சிங்களத்தில். "நண்டு குடிச்ச பீடியக் கூட மறக்காம சொல்லுவாரு."

மக்கீன் பொத்தானை அழுத்தினான். திரை மின்னியது. அதே தொப்பி, அதே மூக்கு. ஆனால் நண்டு இல்லை, மழை இல்லை. ஆள் ஒரு பட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலே, மேலேதான் போகிறான். முதுகு வெறுமையாக இருந்தது.

"கூடை எங்கே?" என்று கேட்டார் கறி சமைக்கும் முதியவர். "இறங்குவான் என்றுதானே லெட்சுமணன் சொன்னான்?"

யாரோ சிரித்தார்கள். மக்கீன் பிடியைத் தவறான பக்கம் திருப்பினான். பட்டம் முள்ளில் மோதி ஆள் விழுந்தான். இனிச் சொல்லிவிடத்தான் வேண்டும் என்று அவன் வாயைத் திறந்தான்.

"இது மூணாவது இல்ல ஐயா," என்றான் லெட்சுமணன். "நாலாவது. பெட்டியில சரியாத் தெரியல, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மூணாவதுல கூடைய இறக்கி வச்சிட்டான்ல? அப்புறம் முதுகுல எப்படி இருக்கும்?"

சமையல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அது நியாயம்தான்," என்றார் முதியவர். "சுமை இல்லாதவன் பறக்கத்தான் செய்வான்." உடனே எல்லாருக்கும் பட்டம் பிடித்துவிட்டது, ஆளுக்கு ஒரு தரம் ஆட வரிசை கட்டினார்கள்.

ஒதுங்கி நின்ற மக்கீன், மின்விசிறிக் காற்றில் துவாயின் ஓரம் எழும்புவதைப் பார்த்தான். அடியில் கண்ணாடியில், ஜப்பான் எழுத்துக்குப் பக்கத்தில், எந்த மொழிக்காரனும் வாசிக்கக்கூடிய இலக்கம் சிவப்பாக எரிந்தது: 3. லெட்சுமணன் ஒரு கையால் துவாயை இழுத்துச் சரிசெய்தான். மக்கீனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிய விருந்தாளிகளின் வேன் ஒலி கேட்டதும் அறை காலியாயிற்று. கேட் வரைக்கும் வந்தான் லெட்சுமணன்.

"லெச்சு, அந்தத் துவாய்..."

"கண்ணாடி கீறியிருக்கு. மனேஜர் கண்டா என் தலையில கட்டுவாரு. பஸ் வருது, ஓடு. றஹீமாகிட்ட ரொட்டி நல்லாருந்துச்சின்னு சொல்லு."

பஸ் பாதி காலியாக இருந்தது. மக்கீன் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தான். தன் கதை பொய்யென்று நேற்றுப் பெட்டியைப் பிரித்தபோது தெரிந்ததா அவனுக்கு? அல்லது எண்பத்தொன்பதில், சுவருக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தபோதே தெரிந்துகொண்டுதான் தினமும் அடுத்த தட்டைக் கேட்டானா?

"சீட் இருக்குதானே மகாத்தயா," என்றான் கண்டக்டர். "இருங்களேன்."

"தம்புள்ளையில இறங்கணும்," என்றான் மக்கீன். தம்புள்ளை இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.