அடியில்லாக் கிணற்றில் இரண்டாவது ஆள்

சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்துக்குள் வந்த மலைப்பாம்பை ஒவ்வொரு தடவையும் இரண்டு முழம் நீட்டியே சொல்லி வந்ததில், இப்போது அது கேகாலை பஸ் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றும். ஆனால் இதில் ஓர் அங்குலம்கூடக் கூட்டவில்லை. கூட்டுவதற்கு இடமே இல்லை.

பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும் என்பீர்கள். இது பட்டப்பகல். 2008 ஒக்டோபர் 16, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று இருபதிலிருந்து நான்கு ஐந்து வரைக்கும்.

நான் இறப்பர்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தில் கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், பெட்டிசன் எதுவானாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அன்றைக்கு இரண்டரை மணிக்கு, இறப்பர்ப் பால் நிறுத்துக் கொடுத்த கையோடு அருள்செல்வி வந்தாள். அவளுடைய மகள் ரோஷானிக்குக் கல்யாணம்.

"ஐயா, அப்பா பேருக்கு முன்னால என்னங்க போடுறது?"

அவள் புருஷன் இராயப்பன் 1996இல் குருவிட்டைப் பக்கம் மாணிக்கக் குழி வேலைக்கென்று போனவன். திரும்பவில்லை. கடிதமும் இல்லை. தேடிப்போய் விசாரிக்கவும் பயந்த காலம் அது. பத்திரிகையில் வெறும் பெயரைப் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் ஆள் எங்கே என்பார்கள். 'காலஞ்சென்ற' என்று போட்டால்...

"பன்னெண்டு வருசமா அந்தோனியாருக்கு மெழுகுவத்தி கொளுத்துறேன். நானே எப்படிங்க அவரச் சாகடிக்கிறது? நீங்க அவரு கூட்டாளி. நீங்களே சொல்லுங்க."

"கூட்டாளியா? கள்ள ஆட்டம் ஆடியே என்னைய மொட்டையடிச்ச பயல்!"

அவள் சிரிக்கவில்லை. "நாலரைக்கு வாறேங்க. நாளைக்கு அச்சுக்குக் குடுக்கணும்."

அவள் போனபின் மழை பிடித்துக்கொண்டது. இராயப்பனை நினைத்துப் பார்க்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அலுமாரிக்கு மேலிருந்து அந்த டீவி கேம் பெட்டியை இறக்கினேன்.

1994இல் ஜாபிர் நானாவின் கடையில் வாங்கியது. கூடவே அதில் செருகி ஆடுகிற ஒரு மஞ்சள் கெசட். அதன் மேல் இருந்த எழுத்து எந்த நாட்டுடையது என்று கடைக்காரருக்கும் தெரியாது. உலகத்திலேயே கேவலமான விளையாட்டு அதுதான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். ஒருவன் கிணற்றுக்கு மேலே கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டும். மற்றவன் இறங்கிச் சிவப்புக் கல் பொறுக்க வேண்டும். மேலே நிற்பவனின் சட்டையும் வானமும் ஒரே நீலம், ஆளே தெரியாது. பாட்டு நான்கு சுரத்தோடு விக்கிக்கொண்டு நிற்கும். மேலே இருப்பவன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் கீழே இருப்பவன் காலி. மூன்றாவது கிணற்றுக்கு அடியே கிடையாது. அதைச் செய்தவன் போட மறந்துவிட்டான் போல. ஆள் இறங்கிக்கொண்டே இருப்பான். மேலே இழுக்கவும் முடியாது. பெட்டியை அணைப்பது ஒன்றுதான் வழி.

பால்வெட்டு முடிந்த பிற்பகல்களில் இரண்டு வருஷம் ஆடினோம். நான் மேலே, இராயப்பன் கீழே. இறங்கும் முன் அவன் தன் ஆளை இரண்டு தரம் குதிக்க வைப்பான். "இவனுக்குச் சிலுவை போடத் தெரியாதுல்ல ஐயா, அதான்" என்பான்.

மூன்று இருபதுக்குப் பெட்டியை இணைத்தேன். பொத்தான் வைத்த கைப்பிடி ஒன்றுதான் வேலை செய்தது. மற்றதன் வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. அதைக் கதிரையின் மேல் போட்டு வைத்தேன்.

படம் வந்தது. நான்கு சுரம் விக்கியது.

தனியாக ஆடினால் கீழே போக ஆள் இல்லை. சும்மா பார்த்துவிட்டு அணைக்கலாம் என்று இருந்தேன். மூன்று நாற்பது.

இரண்டாவது ஆள் திரையில் வந்து நின்றான்.

கதிரையைப் பார்த்தேன். கைப்பிடி அப்படியே கிடந்தது. வயர் அறுந்து தொங்கியது.

அவன் இரண்டு தரம் குதித்தான்.

என் விரல் தானாகப் பொத்தானை அழுத்திக்கொண்டது. அவன் இறங்கினான். முதல் கிணறு. இரண்டாவது. ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. நேரே மூன்றாவதுக்குள்... இறங்கினான்... இறங்கினான்...

நின்றான்.

அந்தக் கிணற்றுக்கு அடி வந்துவிட்டது.

பழுப்பு நிறச் சதுரங்கள் விழ ஆரம்பித்தன. டக்... டக்... இந்த விளையாட்டில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. முழங்கால் வரை மூடியது. அவன் குதித்தான். இரண்டு தரம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு தரம்.

"இராயப்பா?" என்றேன்.

இடுப்பு வரை.

மேலே இழுக்கப் பார்த்தேன். அசையவில்லை. விரல் விறைத்தது. கயிறு மட்டும் நேராக நின்றது.

நெஞ்சு வரை.

அந்தச் சின்னத் தலை மெல்ல நிமிர்ந்தது... திரைக்குள்ளிருந்து...

என்னைப் பார்த்தது.

கைப்பிடியை வீசிவிட்டுப் பெட்டியை அணைத்தேன்.

நான்கு ஐந்து.

பாட்டு நிற்கவில்லை. திரை கறுத்த பிறகும் அந்த நான்கு சுரம்... ஒரு தரம்... இன்னொரு தரம்... அப்புறம் மழை மட்டும்.

நாலரைக்கு அருள்செல்வி வந்தாள். நான் பேனாவை எடுத்து 'காலஞ்சென்ற இராயப்பன்' என்று எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கி மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வாசலுக்குப் போனபின்தான் அழுகைச் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை பொலீஸ்காரர் ஒருவர் பழைய அடையாள அட்டை ஒன்றோடு வந்தார். குருவிட்டையில் பியதாச என்ற சிங்களப் பெயரில் குழி வேலை செய்து செத்துப்போன ஒருவனுடைய பையில் கிடைத்ததாம். படம் இராயப்பனுடையது. பன்னிரண்டு வருஷமும் உயிரோடு இருந்திருக்கிறான். ஏன் வரவில்லை, ஏன் பெயரை மாற்றினான், இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அச்சடித்த பத்திரிகையோடு அருள்செல்வி என் வீட்டுக்கு வந்தாள். 'காலஞ்சென்ற' என்ற அந்த ஒரு சொல்லில் விரலை வைத்தாள்.

"வியாழக்கெழம நாலு மணி வரைக்கும் உசிரோட இருந்தாராம் ஐயா. நாலரைக்கு நீங்க எழுதித் தந்தீங்க. ஒங்களுக்கு யாரு சொன்னா?"



அடக்கத்துக்குக் குருவிட்டையிலிருந்து கபூர் என்றொரு ஆள் வந்திருந்தார். இராயப்பனோடு ஒரே குழியில் மேலே நின்றவர். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மூணு நாப்பதுக்கு மண்ணு சரிஞ்சிச்சு. இடுப்புக் கயிறு எங்க கையிலதான். உள்ளேருந்து இழுத்து இழுத்துக் காட்டினாரு, உசிரு இருக்குன்னு. நாங்களும் தோண்டிக்கிட்டே இருந்தோம். இன்னும் ஒரு கால் மணித்தியாலம் கெடச்சிருந்தா எடுத்திருப்போம்."

"பிறகு?"

அவர் தம் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். இரண்டிலும் கயிறு அறுத்த காயம், இன்னும் ஆறவில்லை.

"நாலு அஞ்சுக்குக் கயிறு தொய்ஞ்சு போச்சு, மேல யாரோ விட்டுட்ட மாதிரி. ஆனா அல்லா அறிய, நாங்க ஒருத்தரும் விடலங்க."