பள்ளத்தெரு மோட்டாரம்மா

என் அக்கா வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள். மூக்கு போகிற பக்கம் போங்கள் என்பார்கள். சாக்கடை நீரேற்று நிலையத்தின் சுற்றுச்சுவருக்குள், மோட்டார் அறையை ஒட்டினாற்போல் இருக்கிறது அந்த வீடு. ஊரில் பாதிப்பேர் குளித்து, துவைத்து, கழுவிவிடும் தண்ணீரெல்லாம் குழாய் வழியாக வந்து அங்கே ஒரு ஆழமான கிணற்றில் விழும். மோட்டார் அதை இழுத்து ஊருக்கு வெளியே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். அத்தான் அந்த மோட்டாரின் ஆபரேட்டர். அக்கா அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவள் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. இப்போது எலிவால்தான் மிச்சம். வீடு மட்டும் மாறவில்லை.

அவளோடு நிம்மதியாகப் பேச முடியாது. பேச்சின் நடுவில் கையை உயர்த்தி, தலையைச் சாய்த்து எதையோ கேட்பாள். நமக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். அவளுக்கு அதில் பத்து விதம் உண்டு. "துணி மாட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்துக்கொண்டு ஓடுவாள். போய்ப் பார்த்தால் யாரோ தூக்கிப் போட்ட பழைய பாவாடை மோட்டாருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஊரார் எதையெதையெல்லாம் குழாய்க்குள் தள்ளுகிறார்கள் என்று ஒருநாள் அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு சொல் என்றேன்.

இதெல்லாம் அத்தான் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் மோட்டார் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது போய்விட்டது. முதலில் எதிர்முனையில் இருப்பவரைக் குறை சொன்னார், பிறகு தொலைபேசியைக் குறை சொன்னார், கடைசியில் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார். முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்லும் மனிதர். மச்சினி என்ற உரிமையில் இப்போதும் அவரை வம்புக்கு இழுக்கிறேன். அவர் என் வாயையே பார்த்துவிட்டு, சிரிக்க வேண்டிய இடம் எது என்று தெரியாமல் கொஞ்சம் தாமதமாகச் சிரிக்கிறார்.

காது கேட்காத ஆபரேட்டரை அலுவலகம் வைத்திருக்காது. கிணறு நிரம்பினால் அடிக்கும் மணி கேட்க வேண்டும், மோட்டாரின் சத்தம் மாறினால் தெரிய வேண்டும். தெரியாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வேலையோடு வீடும் போய்விடும். அதனால் அக்கா அவருக்குக் காதானாள். அவள் தூங்குவதும் குளிப்பதும் மோட்டாரைக் கேட்டுத்தான். கடைவீதிக்குப் போனால்கூட வாசலில் நிற்கும் ஆட்டோவைப் போல உறுமிக்கொண்டே நிற்பாள், ஒரு புடவையைப் பிரித்துப் பார்க்க விடமாட்டாள். வெளியூர் என்ற பேச்சே கிடையாது.

அவளுக்கு ஒரே மகள். தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரலாம் என்றால், சாக்கடைக் கிணற்றுக்குப் பக்கத்தில் பச்சைக்குழந்தையை எப்படி வைத்திருப்பது? அம்மாவாவது அங்கே போகலாம் என்றால் இங்கே காதுக்கு யார்? வலி வந்த பெண் "அம்மாவைக் கூப்பிடுங்க, அம்மாவைக் கூப்பிடுங்க" என்று கத்தினாளாம். இவள் தொலைபேசியை ஒரு தோளில் இடுக்கிக்கொண்டு சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். அந்தப் பெண் அதை மறக்கவில்லை. இப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமக்கிறாள். இந்த முறையும் வராவிட்டால் இனி எப்போதும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள், அக்கா வளர்ப்பு.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. எவனுடைய நிலையத்தில் கிணறு பொங்கித் தெருவில் ஓடி, ஜனங்கள் போய்ப் புகார் கொடுக்கிறார்களோ, அவனைத் தூக்கி ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். ஸ்டோரில் துருப்பிடித்த குழாய்களுக்குக் காவல் இருக்க வேண்டும். மோட்டாரும் இல்லை, மணியும் இல்லை, காது இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மற்றவர்களுக்கு அது அவமானம். ஆனால் அந்த ஸ்டோர் இருப்பது அக்கா மகளின் ஊரில், அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்.

என்ஜினியர் ஒருமுறை நிலையத்துக்கு வந்தபோது, அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தான் கெஞ்சிக் கேட்டுப் பார்த்தார். உங்கள் நிலையம் ஒருநாள்கூடப் பொங்கியதில்லையே, உங்களை எப்படி விடுவது என்று என்ஜினியர் சிரித்தாராம். சோம்பேறிகள் எல்லாம் ஸ்டோரில் சாய்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார்கள். பாடுபட்டவள் சாக்கடைக்குள் கிடக்கிறாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அவளைப் பூட்டி வைத்த பூட்டு அவளுடைய கெட்டிக்காரத்தனம்தான்.

நான் அங்கே தங்கியிருந்த ஒரு காலையில் அத்தான் தலைமை அலுவலகத்துக்குப் புறப்பட்டுப் போனார். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குப் பொங்க விடப்போறேன்" என்றாள்.

எனக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும், இத்தனை வருஷம் கழித்தாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தெரிந்தால் விடமாட்டார், வெளியே போயிருக்கும்போது நடந்தால் அவர்மேல் பெரிய குற்றமும் வராது என்றாள். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். சரி, மோட்டாரை அணை என்றேன்.

"இருடி. கீழே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

கீழே என்றால் பள்ளத்தெரு. நிலையத்துக்குப் பின்னால் தாழ்ந்து கிடக்கும் தெரு. கிணறு நிரம்பினால் தண்ணீர் முதலில் அங்கேதான் சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அங்கிருப்பவர்கள் அவளை மோட்டாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மோட்டாரை ஓட்டுவது யார் என்று அலுவலகத்துக்குத் தெரியாது, பள்ளத்தெருவுக்குத் தெரியும். காட்டிக்கொடுக்காத ஜனங்கள்.

திருட வருகிறவன் முதல்நாளே வந்து நகையைப் பத்திரமாக வை என்று சொல்லுவானா? என் அக்கா சொல்லுவாள். வீடு வீடாக ஏறினாள். மோட்டார் சரியில்லை, தண்ணீர் ஏறினாலும் ஏறும், அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வையுங்கள் என்றாள். குளியலறைத் துளையில் ஈரச்சாக்கை எப்படி அடைப்பது, அதன்மேல் எவ்வளவு மணல் போடுவது என்று குனிந்து செய்தே காட்டினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்களா என்று விசாரித்தாள். பாயில் படுத்திருந்த ஒரு கிழவரைக் கட்டிலுக்கு மாற்றச் சொல்லி, நாங்களே பிடித்துத் தூக்கியும் வைத்தோம். தையல்காரி வீட்டில் தைத்து முடித்த துணிகள் தரையில் குவிந்திருந்தன. அவற்றைப் பரணில் ஏற்றிய பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தாள்.

"இப்படி எல்லாரையும் தயார் பண்ணிட்டா புகார் எவன் குடுப்பான்?" என்று வழியில் கேட்டேன்.

"நாத்தம் வரும்ல. நாத்தத்துக்குக் குடுப்பாங்க" என்றாள்.

திரும்பி வந்து சுவிட்சை அணைத்தாள். அந்த வீட்டில் மௌனத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். சுவரில் பல்லி கத்துவதுகூடக் கேட்டது. அக்கா சமையலறை வாசலில் நின்று இரண்டு கைகளாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்க ஆரம்பித்தது. அவள் உடம்பு முன்னால் சாய்ந்தது. மணி அடித்தால் ஓடிப் பழகிய கால்கள் அவை. நான் அவள் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டேன். "பொண்ணை நினைச்சுக்கோ" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேர்த்துக் கொட்டியது.

பள்ளத்தெருவில் இரும்பு மூடி எழும்பி விழுகிற சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. மாடிப்படியில் நின்று பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் அவசரமே இல்லாமல் தெருவை நிறைத்தது. அதன் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர எனக்கு ஆசையில்லை. கிழவர் கட்டிலின் கால் நனைகிற மட்டத்துக்கு வந்தபோது அக்கா என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் மோட்டாரைப் போட்டாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. எனக்கும் போதும் என்றுதான் இருந்தது.

அத்தான் திரும்பியபோது பள்ளத்தெரு கழுவப்பட்டுக்கொண்டிருந்தது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். கூட வாழ்ந்த மனிதர், கேட்காமலே புரிந்துகொண்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க காதுல விழுமா?"

ஊருக்கெல்லாம் மறைத்த அந்தக் குறையை அவள் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் அவள் உதட்டிலிருந்து அதைப் படித்துக்கொண்டார். பிறகு பிளீச்சிங் பவுடர் வாளியை எடுத்துக்கொண்டு பள்ளத்தெருவுக்கு இறங்கினார். அக்கா உள்ளே போய்ச் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பொங்கிய நிலையத்துக்கு என்ஜினியர் வராமல் இருக்கமாட்டார், வந்தால் ஸ்டோர் நிச்சயம். மகளுக்குத் தொலைபேசி போட்டு, இந்தத் தடவை உன் தலைமாட்டில் நான் இருப்பேன் என்றாள். அந்தப் பக்கம் அந்தப் பெண் அழுதது எனக்கே கேட்டது. மூட்டை கட்டும்போது அக்கா ஏதோ முனகிப் பாடினாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் என்ஜினியர் வந்தார். நேராக இங்கே வராமல் முதலில் பள்ளத்தெருவுக்குப் போனார். அங்கே வெகுநேரம் நின்றார். நல்ல திட்டு விழுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். மேலே வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

இப்படி ஒரு முன்யோசனையை அவர் சர்வீஸில் பார்த்ததில்லையாம். மோட்டார் மக்கர் செய்யப்போவதை அத்தான் முன்கூட்டியே உணர்ந்து, புறப்படும்போதே மனைவியை அனுப்பி வீடு வீடாக எச்சரித்திருக்கிறார்; எங்கும் சேதமில்லை, புகார் இல்லை. தப்பெல்லாம் பழைய மோட்டாரின் தப்பு, புது மோட்டார் வாங்கித் தருகிறேன் என்றார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மூச்சுக்கு மூச்சு அத்தானைப் புகழ்ந்தார். அத்தானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நன்றாகத் திட்டுகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்து, "தப்புதான் சார்" என்றார். எவ்வளவு அடக்கம் என்று என்ஜினியர் அதற்கும் உருகினார்.

கடைசியாக அவர் சொன்னதுதான் இடி. உங்களை ஓய்வு பெறுகிற வரைக்கும் எங்கேயும் மாற்ற மாட்டேன், அதற்குப் பிறகும் நீட்டிப்புக்கு எழுதப்போகிறேன் என்றார். அவர் என்ன சொன்னார் என்று தெரியாமல் அத்தான் அக்காவின் வாயைப் பார்த்தார். என்ஜினியர் காத்திருந்தார். ஏதாவது பதில் வராவிட்டால் காது விஷயம் வெளியே வந்துவிடும். அக்கா ஒரு அடி முன்னால் வந்து, புருஷன் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"நம்மள இங்கேருந்து மாத்தவே மாட்டாங்களாம். சாருக்கு நன்றி சொல்லுங்க."

அத்தான் கும்பிட்டார்.

ஜீப் போனதும் தையல்காரி மூச்சிரைக்க மேடேறி வந்தாள். அவளுக்குப் பின்னால் பள்ளத்தெருப் பெண்கள் நாலைந்து பேர். திண்ணென்று கட்டி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்ததும் அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நெனச்சேன் மோட்டாரம்மா. உங்களை ஸ்டோருக்குத் தூக்கிடுவாங்கன்னு பயந்து மூட்டையே கட்டிட்டீங்களா? நாங்க விடுவோமா? காலையிலயே எல்லாரும் ஆபீசுக்குப் போய்ட்டோம். உங்களை எங்கயும் அனுப்பக் கூடாதுன்னு சார்கிட்ட சொல்லி, சத்தியம் வாங்கிட்டுத்தான் வந்தோம்."

அவள் தையல் வேலையை அன்றைக்கு விட்டிருக்கிறாள். மற்றவர்களும் கூலியை விட்டுத்தான் போயிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன், வரவில்லை. அக்கா அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, குழந்தை மாதிரி அழுதாள். தையல்காரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இதுக்குப் போய் யாராவது சந்தோஷத்துல இப்படி அழுவாங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் சேர்ந்து அழுதாள்.