கஷாயம் போதும் என்று சொன்னேன்

என் பாவாவுக்கு, அக்காவின் கணவருக்கு, வந்தது காசநோய் என்று தெரிந்தே, வெறும் இருமல்தான், ஆடாதோடைக் கஷாயம் போதும் என்று சொன்னவன் நான். ஐப்பசியில் அவர் துண்டில் ரத்தத்தைப் பார்த்தேன். படித்தவன், அதன் பொருள் புரியாமல் இல்லை. தையில் என் மகளுக்குக் கல்யாணம். பெண்ணின் அத்தை வீட்டில் இந்த நோய் என்று மணவூர்ச் சம்பந்திக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன்.

கல்யாணம் முடிந்து, 1973 மாசியில், அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் கிளம்பினேன். திருத்தணிக்குப் பதினான்கு கிலோமீட்டர்தான். அன்று கிருத்திகை, ஊர் முழுக்க மொட்டைத் தலையும் சந்தனமும். மலையடிவாரத்தில் பெண்கள் ஆடாதோடை இலை விற்றார்கள், கட்டு பத்துப் பைசா. நீண்ட கரும்பச்சை இலை. ஆடு வாய் வைக்காது என்பதால் இந்தப் பக்கம் வேலியாகவும் நடுகிறார்கள். மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துத் தேன் விட்டுக் குடித்தால் சாதாரணச் சளி இருமலுக்குக் கேட்கும். இலைமேல் குற்றமில்லை.

அங்கிருந்து பஸ்ஸில் அம்மையார்குப்பம். தெருவெல்லாம் தறிச் சத்தம். பாவா தறிக்குழியில் கால் விட்டபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா கஷாயத்தோடு நின்றாள்.

"கசப்புன்னு மூஞ்ச திருப்பிக்கிறாரு தம்பி. கொழந்தைக்கு குடுக்கற மாதிரி நான் ஒரு வாய் குடிச்சி காட்டணும்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது.

"இவளுக்கும் புடிச்சிக்கிச்சி. ஜோடிப் பாட்டு பாடிகினு கீறோம்" என்றார் பாவா.

இருவரையும் அழைத்துக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் கண்டக்டர், "பெரியவரே, ஜன்னலாண்ட ஒக்காருங்க. நீங்க இருமுறதுல டிரைவர் கியர மறந்துடறாரு" என்றார். பாவாவும் சேர்ந்து சிரித்தார்.

திருத்தணி ஆஸ்பத்திரியில் டாக்டர் இருவருக்கும் படம் எடுக்கச் சொன்னார். பிற்பகலில் படங்களைப் பார்த்தார். பாவாவின் நுரையீரல் மிகவும் கெட்டிருந்தது. அக்காவுக்கு இப்போதுதான் தொடக்கம். "நாலு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே?" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உன் பொண்ணு கல்யாணத்துல இருமிகினே பந்தி பரிமாறினேனேடா. எத்தினி கொழந்தைங்க ஒக்காந்து துன்னுச்சி! அதுங்க வீட்டுக்கெல்லாம் போய் சொல்லு. மொதல்ல சம்பந்தி வீட்டுக்குப் போ."

அவர்களை வார்டில் சேர்த்துவிட்டு ரயிலேறினேன். மணவூரில் இறங்கியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். சம்பந்தி முழுவதையும் கேட்டார்.

"எங்க அண்ணனே இதுலதாங்க போனாரு. சொல்லியிருந்தா கல்யாணத்த ஆறு மாசம் தள்ளி வெச்சிருப்போம். நிறுத்தியிருக்க மாட்டோங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்தவர்களின் வீடுகளுக்கு நடந்தேன். சில வீடுகளில் நாற்காலி போட்டார்கள், சில வீடுகளில் வாசலோடு சரி. குழந்தைகள் யாருக்கும் ஒன்றுமில்லை. பாவா ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார்.

அக்கா ஒன்றரை வருஷம் மருந்து சாப்பிட்டுத் தேறினாள். என்னோடு பேசுகிறாள், பண்டிகைக்கு வருகிறாள், என் மூட்டுவலியை விசாரிக்கிறாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் என்னிடம் சொல்வதில்லை.